கனமழை முன்னறிவிப்புச் சரிபார்ப்பு

கனமழை முன்னறிவிப்புச் சரிபார்ப்பு என்பது, அரிதாகப் பெய்யும் கனமழை குறித்து முன்கூட்டியே வெளியிடப்பட்ட அறிவிப்புகளை, பின்னர் உண்மையில் பதிவான மழையளவோடு ஒப்பிட்டு, அவ்வறிவிப்புகளின் தரத்தை எண்களால் அளவிடும் முறையாகும். இது வானிலையியலும் புள்ளியியலும் சந்திக்கும் ஒரு துறை. அன்றாட வெப்பநிலை முன்னறிவிப்பைச் சரிபார்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் ஆண்டில் ஓரிரு நாட்களே நிகழும் கனமழையைப் பொறுத்தவரை, "நூற்றுக்கு எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள்" என்ற வழக்கமான கேள்வி தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். இதனால் அரிய நிகழ்வுகளுக்கெனத் தனி அளவைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

இக்கட்டுரை இவ்வளவைகளைத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

கனமழை: வரையறை

இந்திய வானிலை ஆய்வுத் துறை (நிறுவப்பட்டது 1875) 24 மணி நேரத்தில் ஒரு மழைமானியில் பதிவாகும் அளவைக் கொண்டு மழையைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது.

- மிதமான மழை: 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை
- கனமழை: 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை
- மிக கனமழை: 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை
- அதி கனமழை: 204.4 மில்லிமீட்டருக்கு மேல்

மழையளவு நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளவெடுத்த நாளின் பெயரிலேயே பதிவாகும். எனவே டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் பெய்த மழையைத் தேடுபவர் டிசம்பர் 2-ஆம் நாள் பதிவைப் பார்க்க வேண்டும். இதைக் கவனியாமல் அறிவிப்பையும் பதிவையும் ஒரே தேதியில் பொருத்தினால், சரியான அறிவிப்புகள் பலவும் பிழையானவையாகத் தோன்றும்.

அறிவிப்புகளில் பயன்படும் சொற்களுக்கும் வரையறை உண்டு. "ஓரிரு இடங்களில்" என்பது அப்பகுதியிலுள்ள நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாதவற்றைக் குறிக்கும். எச்சரிக்கையின் தீவிரம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களால் காட்டப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சூழல்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 4,660 சதுர கிலோமீட்டர். கிழக்கே கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மீமிசல் முதலிய கடற்கரை ஊர்களும், மேற்கே விராலிமலை, பொன்னமராவதி போன்ற உள்நாட்டுப் பகுதிகளும் அமைந்துள்ளன. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைக்கிறது. வேளாண்மையின் பெரும்பகுதி கண்மாய்களையும் ஏரிகளையும் சார்ந்தது. புதுக்கோட்டை நகரை அடுத்துள்ள கவிநாடு கண்மாய் இவற்றுள் பெரியவற்றில் ஒன்று.

மாவட்டத்தின் அன்றாட மழையளவு ஆதனக்கோட்டை, பெருங்களூர், ஆலங்குடி, கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி, திருமயம், அரிமளம், அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, மீமிசல், இலுப்பூர், குடுமியான்மலை, அன்னவாசல், விராலிமலை, கீரனூர், பொன்னமராவதி உள்ளிட்ட பல இடங்களில் அளக்கப்படுகிறது. இருப்பினும் ஒரு மழைமானி தனக்கு மேலே விழும் மழையை மட்டுமே அளக்கிறது. இரு நிலையங்களுக்கிடையில் ஒரு சிற்றூரில் மட்டும் கொட்டித் தீர்க்கும் இடிமழை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகக்கூடும். அவ்வாறான நாளில் சரியாகவே அமைந்த எச்சரிக்கையும் "பொய்த்தது" என்றே கணக்கில் சேரும்.

நான்கு கட்ட அட்டவணை

"கனமழை பெய்யும்" அல்லது "பெய்யாது" என்ற இருநிலை அறிவிப்பைச் சரிபார்க்க நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை பயன்படுகிறது. ஒவ்வொரு நாளும் இந்நான்கில் ஒன்றில் அடங்கும்.

- அ: எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கனமழை பெய்தது (பலித்தவை)
- ஆ: எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கனமழை பெய்யவில்லை (பொய்த்தவை)
- இ: எச்சரிக்கை இல்லை, ஆனால் கனமழை பெய்தது (தவறியவை)
- ஈ: எச்சரிக்கையும் இல்லை, கனமழையும் இல்லை (சரியான மறுப்பு)

எடுத்துக்காட்டாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கற்பனையாகக் கொள்ளப்பட்டவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள், பத்து ஆண்டுகளுக்கு 920 நாட்கள். அவற்றுள் 20 நாட்களில் கனமழை பெய்தது. முன்னறிவிப்பாளர் 36 நாட்களுக்கு எச்சரிக்கை விடுத்தார். அவற்றில் 12 பலித்தன, 24 பொய்த்தன. எச்சரிக்கையின்றி 8 நாட்கள் கனமழை பெய்தது. எஞ்சிய 876 நாட்கள் சரியான மறுப்பு.

"சரியான விழுக்காடு" ஏன் ஏமாற்றும்?

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மொத்தம் 888 நாட்கள் (12 + 876) அறிவிப்பு சரியாக இருந்தது. அதாவது 96.5 விழுக்காடு. இது மிகச் சிறந்த திறனாகத் தோன்றலாம். ஆனால் வானத்தையே பாராமல், 920 நாட்களும் "கனமழை இல்லை" என்று மட்டும் கூறும் ஒருவர் 900 நாட்கள் சரியாக இருப்பார். அவரது மதிப்பெண் 97.8 விழுக்காடு. ஒரு கனமழையைக்கூடச் சொல்லாத இவர், 12 கனமழைகளை முன்னரே சொன்னவரை வென்றுவிடுகிறார். ஈ என்ற கட்டம் மற்ற மூன்றையும் மூழ்கடித்துவிடுவதே இதற்குக் காரணம்.

ஃபின்லி நிகழ்வு

இச்சிக்கல் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது. அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லி, 1884-இல் சுழற்காற்று குறித்த தமது சோதனை முன்னறிவிப்புகளின் முடிவுகளை வெளியிட்டார். மொத்தம் 2,803 அறிவிப்புகளில் 28 பலித்தன, 72 பொய்த்தன, 23 தவறின, 2,680 சரியான மறுப்புகளாக அமைந்தன. இதன்படி 96.6 விழுக்காடு வெற்றி என அவர் கணக்கிட்டார். ஆனால் "சுழற்காற்று இல்லை" என்று எப்போதும் கூறியிருந்தால் 98.2 விழுக்காடு கிடைத்திருக்கும் என்பது விரைவிலேயே சுட்டிக்காட்டப்பட்டது.

இதனைத் தொடர்ந்து நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட்டும், மெய்யியலாளரும் ஏரணவியலாளருமான சார்ல்ஸ் சாண்டர்ஸ் பேர்ஸும் அதே 1884-ஆம் ஆண்டிலேயே மாற்று அளவைகளை முன்வைத்தனர். இன்றும் உலகெங்கும் பயன்படும் அளவைகள் சில இவ்விவாதத்தில் பிறந்தவையே.

முதன்மை அளவைகள்

கண்டறிதல் விகிதம்: அ ÷ (அ + இ). பெய்த கனமழைகளில் எத்தனை முன்னரே சொல்லப்பட்டன என்பதைக் காட்டும். எடுத்துக்காட்டில் 12 ÷ 20 = 0.60.

பொய் எச்சரிக்கைப் பங்கு: ஆ ÷ (அ + ஆ). விடுத்த எச்சரிக்கைகளில் எத்தனை பொய்த்தன என்பதைக் காட்டும். இங்கு 24 ÷ 36 = 0.67.

பொய் எச்சரிக்கை வீதம்: ஆ ÷ (ஆ + ஈ). கனமழை இல்லாத நாட்களில் எத்தனை நாட்களுக்கு வீணாக எச்சரிக்கப்பட்டது என்பதாகும். இங்கு 24 ÷ 900 = 0.027. இதனையும் முந்தைய அளவையையும் குழப்பிக்கொள்வது பரவலான பிழை. ஒரே அறிவிப்புகளை ஒருவர் "மூன்றில் இரண்டு பொய்" என்றும், மற்றொருவர் "மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகவே பொய்" என்றும் கூறலாம். இரண்டும் கணக்கில் சரியே.

சாய்வு: (அ + ஆ) ÷ (அ + இ). இங்கு 36 ÷ 20 = 1.8. ஒன்றுக்கு மேல் இருந்தால் தேவைக்கு மிகுதியாகவும், ஒன்றுக்குக் கீழ் இருந்தால் குறைவாகவும் எச்சரிக்கப்படுகிறது எனப் பொருள்.

வெற்றிக் குறியெண்: அ ÷ (அ + ஆ + இ). சரியான மறுப்புகளை அறவே ஒதுக்கிவிடும் இவ்வளவையைக் கில்பர்ட் முன்வைத்தார். இங்கு 12 ÷ 44 = 0.27.

கில்பர்ட் திறன் மதிப்பெண்: குருட்டாம்போக்கில் பலித்திருக்கக்கூடிய எண்ணிக்கையைக் கழித்துவிட்டு வெற்றிக் குறியெண்ணைக் கணக்கிடுவது. எடுத்துக்காட்டில் குருட்டாம்போக்கில் பலிக்கக்கூடியவை 36 × 20 ÷ 920 = 0.78. எனவே மதிப்பெண் (12 − 0.78) ÷ (44 − 0.78) = 0.26.

பேர்ஸ் திறன் மதிப்பெண்: கண்டறிதல் விகிதத்திலிருந்து பொய் எச்சரிக்கை வீதத்தைக் கழிப்பது. இங்கு 0.60 − 0.027 = 0.573. நிகழ்வு மிக அரிதாகும்போது இது கண்டறிதல் விகிதத்தையே ஒத்துவிடும். அந்நிலையில் மிகுதியாக எச்சரிப்பவருக்கே இது சாதகமாக அமையும்.

எப்போதும் "கனமழை இல்லை" என்பவருக்குக் கண்டறிதல் விகிதம், வெற்றிக் குறியெண், கில்பர்ட், பேர்ஸ் மதிப்பெண்கள் அனைத்தும் சுழியமே.

மிக அரிய நிகழ்வுகளுக்கான அளவைகள்

அளவுகோலை 64.5 மில்லிமீட்டரிலிருந்து 204.4 மில்லிமீட்டருக்கு உயர்த்தினால் நிகழ்வுகள் இன்னும் அரிதாகும். அப்போது மேற்கண்ட அளவைகளில் பலவும் சுழியத்தை நோக்கிச் சரியும். இதனால் முன்னறிவிப்பின் திறன் குறைந்ததா, நிகழ்வு அரிதானதா என்று பிரித்தறிய இயலாமல் போகும்.

இக்குறையை நீக்க, டேவிட் ஸ்டீபன்சனும் பிறரும் 2008-இல் ஓர் அளவையை அறிமுகப்படுத்தினர். அதனை மேம்படுத்தி 2011-இல் கிறிஸ்டோபர் ஃபெரோவும் ஸ்டீபன்சனும் வெளியிட்ட குறியெண், கண்டறிதல் விகிதம், பொய் எச்சரிக்கை வீதம் ஆகியவற்றின் மடக்கைகளைக் கொண்டது. பொய் எச்சரிக்கை வீதத்தின் மடக்கையிலிருந்து கண்டறிதல் விகிதத்தின் மடக்கையைக் கழித்து, அதனை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முழுநிறைவான கண்டறிதலுக்கு 1 என்றும், குருட்டாம்போக்கான அறிவிப்புக்குச் சுழியம் என்றும் இது அமையும். நமது எடுத்துக்காட்டில் இதன் மதிப்பு 0.75. இரு முன்னறிவிப்பு முறைகளை இதனால் ஒப்பிடும்போது, இரண்டின் சாய்வும் ஒன்றுக்கு அருகில் இருத்தல் நன்று.

எந்த அளவையைக் கொண்டாலும் தரவு குறைவு என்ற தடை நீங்குவதில்லை. 20 நிகழ்வுகளில் 12 பலித்தால் கண்டறிதல் விகிதம் 0.60. ஆனால் 95 விழுக்காடு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.39 முதல் 0.78 வரை விரிகிறது. பத்தாண்டுத் தரவு இருந்தும், அம்முறை பாதிக்கு மேல் கண்டறிகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதனால்தான் ஒரே ஊரை அல்லாமல் பல நிலையங்களையும் பல ஆண்டுகளையும் சேர்த்துச் சரிபார்க்கின்றனர். ஆனால் அண்டை நிலையங்கள் ஒரே புயலில் நனைபவை. எனவே இருபது நிலையங்களின் பதிவுகளை இருபது தனித்தனிச் சான்றுகளாகக் கொள்ளக்கூடாது.

இடப்பிழையும் இரட்டைத் தண்டனையும்

கணினி மாதிரி ஒன்று அறந்தாங்கியில் 12 சென்டிமீட்டர் மழை என்று காட்டுகிறது எனக் கொள்வோம். மழை சில கிலோமீட்டர் தள்ளி ஆவுடையார்கோயிலில் பெய்கிறது. நிலையவாரியான கணக்கில் அறந்தாங்கிக்கு ஒரு பொய் எச்சரிக்கையும், ஆவுடையார்கோயிலுக்கு ஒரு தவறலும் சேரும். மழையே இல்லை என்று காட்டிய மாதிரிக்கோ ஒரு தவறல் மட்டுமே சேரும். இது இரட்டைத் தண்டனை எனப்படும்.

இதற்குத் தீர்வாக நைஜல் ராபர்ட்ஸ், ஹம்ஃப்ரி லீன் ஆகியோர் 2008-இல் பரப்புப் பங்கு மதிப்பெண் என்ற முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு புள்ளியையும் தனியே பாராமல், அதைச் சுற்றியுள்ள பகுதியில் எவ்வளவு பங்கு கனமழை எதிர்பார்க்கப்பட்டது, எவ்வளவு பங்கு பெய்தது என்று இது ஒப்பிடுகிறது. பகுதியின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தால், எத்தனை கிலோமீட்டர் அளவில் அம்முன்னறிவிப்பு நம்பத்தக்கது என்பது தெரியவரும். 2025 மே மாதத்தில் இந்தியா 6 கிலோமீட்டர் கட்ட அளவுள்ள பாரத் முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. கட்டங்கள் சிறிதாகச் சிறிதாக இரட்டைத் தண்டனையின் தாக்கமும் மிகும் என்பதால், இத்தகைய மாதிரிகளை மதிப்பிடப் பரப்பு சார்ந்த முறைகள் தேவைப்படுகின்றன.

நிகழ்தகவு அறிவிப்புகள்

"கனமழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு" என்ற அறிவிப்பை ஒரே நாளைக் கொண்டு சரி என்றோ தவறு என்றோ கூற இயலாது. 30 விழுக்காடு என்று சொல்லப்பட்ட நாட்களையெல்லாம் திரட்டினால், அவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாட்களில் கனமழை பெய்திருக்க வேண்டும். இப்பண்பு நம்பகத்தன்மை எனப்படும். கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த பிரையர் மதிப்பெண், அறிவித்த நிகழ்தகவுக்கும் நிகழ்ந்ததற்கும் (பெய்தால் 1, இல்லையேல் 0) உள்ள வேறுபாட்டின் வர்க்கச் சராசரியாகும். இது குறைவாக இருத்தலே நன்று. ஆனால் அரிய நிகழ்வுகளில் இதுவும் இயல்பாகவே சிறிய எண்ணாக இருக்கும். எனவே நீண்டகாலச் சராசரியை மட்டும் அறிவிப்பவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டே இதைப் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

காயல்பட்டினம், 2023: டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. முன்னறிவிப்பு இம்மழையின் கடுமையைப் போதிய அளவு உணர்த்தவில்லை என்று மாநில அரசுத் தரப்பிலும், முன்கூட்டியே எச்சரிக்கை அளிக்கப்பட்டது என்று ஒன்றிய அரசுத் தரப்பிலும் கூறப்பட்டது. சரிபார்ப்பு நோக்கில் இங்கு ஒரு முக்கியக் கூறு உள்ளது. "அதி கனமழை" என்ற வகைக்கு மேல்வரம்பு இல்லை. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் 95 சென்டிமீட்டர் பெய்தாலும் நான்கு கட்ட அட்டவணையில் அது ஒரே ஒரு "பலித்தது" மட்டுமே. தரையில் இவ்விரண்டும் முற்றிலும் வேறான நிகழ்வுகள்.

சென்னை, 2024: வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தை ஒட்டி அக்டோபர் 16 அன்று சென்னைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்று நகரில் அஞ்சிய அளவு மழை பெய்யவில்லை.

புரெவி, 2020: டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி வலுவிழந்து இராமநாதபுரம் கடற்கரை அருகே நகராமல் நின்றது. மிகுந்த மழையோ அங்கிருந்து வடக்கே கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெய்தது. புயலின் மையத்தை மட்டும் சரியாகக் கணிப்பது மழையைச் சரியாகக் கணிப்பதாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கஜா, 2018: நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இப்புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இங்கு பேரழிவை ஏற்படுத்தியது காற்றே. மழையளவை மட்டும் கொண்டு சரிபார்த்தால் இந்நாளின் இழப்பு கணக்கில் தென்படாது.

பயன்மதிப்பு: யாருக்கு எந்த எச்சரிக்கை?

ஆலன் மர்ஃபி 1993-இல் நல்ல முன்னறிவிப்பின் பண்புகளை மூன்றாகப் பகுத்தார். அவை, முன்னறிவிப்பாளர் தாம் உண்மையில் கருதுவதையே சொல்லுதல், சொன்னது நடந்ததோடு பொருந்துதல், கேட்பவருக்குப் பயன்படுதல் என்பனவாம். மூன்றாவது பண்பு செலவு–இழப்பு விகிதத்தால் அளக்கப்படுகிறது. பாதுகாப்புக்கான செலவை, பாதுகாக்காவிட்டால் நேரும் இழப்பால் வகுக்க வேண்டும். நிகழ்தகவு அவ்விகிதத்தை விட மிகுந்தால் பாதுகாப்பதே ஆதாயம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டையே தொடர்வோம். திறந்தவெளியில் நெல் மூட்டைகளை அடுக்கியுள்ள ஒரு கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போர்த்த ஒரு முறைக்கு 500 ரூபாய் செலவு, நனைந்தால் 10,000 ரூபாய் இழப்பு எனக் கொள்வோம்.

- எப்போதும் போர்த்தாவிட்டால்: 20 × 10,000 = 2,00,000 ரூபாய் இழப்பு
- நாள்தோறும் போர்த்தினால்: 920 × 500 = 4,60,000 ரூபாய் செலவு
- எச்சரிக்கையின்படி நடந்தால்: 36 × 500 + 8 × 10,000 = 98,000 ரூபாய்

எச்சரிக்கைகளில் மூன்றில் இரண்டு பொய்த்தும் இழப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது.

இனி ஒரு கண்மாயைக் கருதுவோம். கலிங்கில் பலகைகளை எடுத்து நீரை முன்கூட்டியே வெளியேற்றினால், மழை பொய்க்கும்போது அந்நீர் திரும்பக் கிடைக்காது. இங்கு செலவு 5,000 ரூபாய், இழப்பு 10,000 ரூபாய் எனக் கொண்டால், அதே எச்சரிக்கைகளின்படி நடப்பதன் மொத்தம் 36 × 5,000 + 8 × 10,000 = 2,60,000 ரூபாய். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதிருந்தால் 2,00,000 ரூபாய் மட்டுமே. ஒரே முன்னறிவிப்பு நெல் காப்பவருக்கு ஆதாயமாகவும் கண்மாய் காப்பவருக்கு நட்டமாகவும் அமைகிறது. கோடையில் வறளும் மாவட்டத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. கண்மாய்க் கரை உடைந்தால் உயிரிழப்பு நேரும் இடங்களில் இக்கணக்கு தலைகீழாக மாறும். கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குச் செல்லாமல் ஒரு நாள் கூலியை இழக்கும் மீனவருக்கும் தனிக் கணக்கு உண்டு.

விமர்சனங்கள்

பேரிடர் நேர்ந்த நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு "முன்னரே சொன்னார்களா" என்று கேட்பது பொதுவழக்கு. ஆனால் அவ்வாறு மட்டுமே மதிப்பிட்டால், ஒவ்வொரு நாளும் எச்சரிப்பவரே சிறந்தவராகிவிடுவார். இது முன்னறிவிப்பாளரின் இக்கட்டு எனப்படுகிறது. மாறாக, பொய்த்த எச்சரிக்கைகளை மட்டும் எண்ணி ஏளனம் செய்தால், எச்சரிக்கத் தயங்கும் போக்கு வளரும். பலித்தவை, பொய்த்தவை, தவறியவை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதும், அறிவிப்புகள் வெளியான நேரத்தோடு மாற்றமின்றிச் சேமிக்கப்படுவதும் நேர்மையான சரிபார்ப்புக்கு இன்றியமையாதவை. மழை தொடங்கிய பின் விடுக்கப்பட்ட எச்சரிக்கையை "பலித்தது" எனச் சேர்ப்பது இக்கணக்கையே பொருளற்றதாக்கிவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

- வடகிழக்குப் பருவமழை
- இந்திய வானிலை ஆய்வுத் துறை
- மழைமானி
- நிகழ்தகவு
- புதுக்கோட்டை மாவட்டம்